அபிநயாவுக்கு அடித்த போஸ்டர்

கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்கு நல்ல படம் கிடைப்பது ரொம்பச் சிரமம். சாகிறவர்கள் யாரும் அதற்கென்று படம் எடுத்து வைப்பதில்லை. யார் கல்யாணத்திலோ கடைசி வரிசையில் நின்ற முகத்தைக் கொண்டுவந்து, "இத மட்டும் வெட்டி பெருசு பண்ணுபா" என்பார்கள். பக்கத்தில் நிற்பவரின் கை தோளில் கிடக்கும். அந்தக் கையை எடுக்க வேண்டும், வியர்வையைத் துடைக்க வேண்டும், பாதி மூடிய கண்ணைத் திறந்துவிட வேண்டும். அபிநயாவின் படத்தில் எனக்கு அப்படி ஒரு வேலையும் இருக்கவில்லை. வெளிச்சம் சரியாக விழுந்த, நேராகப் பார்க்கிற, லேசாகச் சிரிக்கிற படம். அவளே எனக்கு அனுப்பியது.

அபிநயா உயிரோடுதான் இருக்கிறாள். அதை முதலிலேயே எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் படிக்கிற மேலதிகாரி குழம்புவார். இறந்தது அவள் அப்பா கண்ணாயிரம். வாலாஜாபாத் சாலையில் அவர் ஓட்டிவந்த பைக் மீது மணல் லாரி ஏறியது. லாரிக்காரனை ஜாமீனில் விட்டுவிட்டு என்னை இங்கே உட்கார வைத்திருக்கிறீர்கள் ஐயா. உங்களுக்கும் ஆயிரம் நெருக்கடி இருக்கும், நான் குறை சொல்லவில்லை. ஏட்டய்யா எழுதத் தொடங்கியதைப் பார்த்தேன். நான் சொன்னது ஒன்று, தாளில் விழுந்தது வேறொன்று. அதனால்தான் நானே எழுதித் தருகிறேன் என்றேன்.

என் பெயர் பஞ்சாட்சரம். பெரிய காஞ்சிபுரத்தில் காமாட்சியம்மன் கோயிலுக்குப் போகிற வழியில் 'பஞ்சு டிஜிட்டல்ஸ்' என்னுடையது. பேனர், போஸ்டர், அழைப்பிதழ் எல்லாம் அடிக்கிறோம். நடிகர் ரணதீரன் அண்ணனின் நற்பணி மன்றத்துக்கு இந்த ஊரில் தலைவரும் நான்தான்.

ரசிகன் என்றதும் கட் அவுட்டில் ஏறிப் பால் ஊற்றுகிறவனைத்தான் நீங்கள் நினைப்பீர்கள். என் மன்றத்திலும் அந்த ரகம்தான் அதிகம். போன படத்துக்கு ஒருவன் முதுகில் கொக்கி குத்திக்கொண்டு தியேட்டர் வாசலில் தொங்கினான். இறக்கிவிட்ட பிறகு படம் எப்படிடா என்று கேட்டேன். "எங்கண்ணா, டிக்கெட்டே கெடைக்கல" என்றான். இந்தக் கூட்டத்தை வைத்துக்கொண்டு இருபது வருடமாக மன்றம் நடத்துகிறேன். அவர்கள் கத்துவார்கள், ஆடுவார்கள், பசித்தால் வீட்டுக்குப் போய்விடுவார்கள். அண்ணனின் மரியாதையைப் பற்றி யோசிப்பவன் இந்த ஊரில் ஒருவன்தான். இத்தனைக்கும் நான் அவரை நேரில் பார்த்ததே இல்லை.

இந்த வருடம் பார்த்திருக்க வேண்டும். புதுப்படத்தில் அண்ணன் பட்டு நெசவாளராக நடித்தார். வெற்றி விழாவைக் காஞ்சிபுரத்திலேயே வைக்கலாம், நெசவாளர்கள் சார்பில் பட்டுச் சால்வை போடலாம் என்று அவருடைய மேலாளரிடம் பேசிச் சம்மதம் வாங்கினேன். சால்வை போடுவது நான் என்று முடிவானது. அதற்கென்று ஒரு வெள்ளைச் சட்டை தைத்துக்கொண்டேன். தையற்கடையில் இரண்டு தடவை திருத்தி வாங்கினேன், அக்குளில் பிடித்தது.

படம் வந்த வாரம் அபிநயா ஒரு காணொளி போட்டாள். பிள்ளையார்பாளையத்துப் பெண், கல்லூரியில் படிக்கிறாள், அம்மா இல்லை. அப்பா வீட்டிலேயே தறி வைத்திருக்கிறார். இந்தக் காலத்துப் பிள்ளைகள் கையில் போன் இருந்தால் தங்களை நீதிபதி என்று நினைத்துக்கொள்கிறார்கள். படத்தில் அண்ணன் தறியில் உட்கார்ந்தபடியே, ஊடை நூலைக் கொண்டுபோகிற நாடாவை எடுத்து வீசுவார், அது பறந்துபோய் வில்லன் நெற்றியில் அடிக்கும். தியேட்டரே எழுந்து நின்ற காட்சி. அதைப் போட்டுக் காட்டிவிட்டு அவள் சொன்னாள்: "நாடாவ கிரிக்கெட் பால் மாதிரி புடிச்சிக்கினு இருக்காரு பாருங்க. கால்ல ஷூ வேற. வாங்க, நம்ம ஒரிஜினல் ஹீரோகிட்ட கேப்போம்."

போன் திரும்புகிறது. தறிக்குழியில் காலை விட்டபடி கண்ணாயிரம் உட்கார்ந்திருக்கிறார், மேல் சட்டை இல்லாமல். மகள் நீட்டிய போனில் அந்தக் காட்சியைப் பார்க்கிறார்.

"செருப்ப போட்டுக்கினு தறியில எவன்மா உக்காருவான்? மொதல்ல கால குழியில வுடச் சொல்லுமா அந்த ஆள."

சொல்லிவிட்டுச் சிரித்தார். சும்மா ஒரு புன்னகை இல்லை. தலையைப் பின்னால் சாய்த்து, கண்ணில் நீர் வர, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நிறுத்திவிட்டு மறுபடியும் சிரித்தார். அந்தச் சிரிப்பை மட்டும் வெட்டியெடுத்து எதிர் நடிகரின் ஆட்கள் பாட்டு சேர்த்து ஊரெல்லாம் பரப்பினார்கள். அண்ணன் சண்டை போடுகிறார், கண்ணாயிரம் சிரிக்கிறார். அண்ணன் அழுகிறார், கண்ணாயிரம் சிரிக்கிறார்.

மேலாளர் என்னைக் கூப்பிட்டு, "உங்க ஊர் நெசவாளியே சிரிக்கிறான், அங்க வந்து என்னத்தை விழா எடுக்கிறது?" என்று கேட்டார். விழாவை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள். சட்டை இன்னும் பீரோவில் இருக்கிறது.

நான் மரியாதையாகத்தான் நடந்துகொண்டேன். மன்றத் தலைவர் என்று சொல்லிக்கொண்டு நானே அவர் வீட்டுக்குப் போனேன். என்ன தொழில் செய்கிறேன் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். காணொளியை எடுத்துவிடச் சொல்லுங்கள் என்றேன். எடுக்கமாட்டேன் என்று உள்ளிருந்து மகளின் குரல் வந்தது.

"சின்னப் பொண்ணுபா, வெளாட்டுக்குப் போட்டுக்கிச்சி. இத போயி ஏன் பெருசு பண்ணிக்கினு? சினிமாதானே."

சினிமாதானே என்றார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் அந்தச் சிரிப்பு பாதி வந்துவிட்டது. எனக்காக அடக்கிக்கொண்டார். அடக்கிக்கொண்டதுதான் எனக்கு அதிகமாக வலித்தது.

அபிநயாவின் போன் எண் என்னிடம் ஏற்கெனவே இருந்தது. தென்னேரியில் இருக்கும் அவளுடைய அத்தை அலமுவின் பையனுக்குக் காதுகுத்து. அந்த பேனரை என் கடையில் கொடுத்திருந்தார்கள், இந்தப் படமெல்லாம் வருவதற்கு முன்பே. தாய்மாமன் கண்ணாயிரத்தின் படத்தைப் பெரிதாகவும், பக்கத்தில் மகளுடையதைச் சின்னதாகவும் போட வேண்டும் என்று சொன்னார்கள். படங்களை அபிநயாதான் வாட்ஸ்அப்பில் அனுப்பினாள். 'அண்ணா, கிளியரா இருக்குதா, இல்ல வேற அனுப்பவா?' என்று கேட்டிருந்தாள். நன்றாக இருக்கிறதம்மா என்று பதில் போட்டேன்.

அந்த எண்ணை மன்றக் குழுவில் போட்டது நான்தான். 'தோழர்கள் அழைத்து விளக்கம் கேட்கவும்' என்று எழுதி, கீழே கைகூப்பும் படமும் வைத்தேன். அதற்கப்புறம் அந்தக் கழுதைகள் என்னென்ன பேசினார்கள் என்பதற்கு நான் பொறுப்பில்லை. என் வாயிலிருந்து ஒரு கெட்ட வார்த்தை வந்தது என்று யாராவது சொல்லட்டும். ராப்பகலாகக் கூப்பிட்டிருக்கிறார்கள். அவள் போனை அணைத்து வைத்துவிட்டாள். அணைத்தது அவள் முடிவு. காணொளி மட்டும் அப்படியே இருந்தது.

இனி போஸ்டருக்கு வருகிறேன். உயிரோடிருப்பவருக்குக் கண்ணீர் அஞ்சலி அடிப்பது எங்கள் வட்டாரத்தில் புதிதில்லை. எதிர் நடிகரின் படம் ஓடாவிட்டால் அவருக்கு நாங்கள் ஒட்டுவோம், எங்கள் படம் படுத்துவிட்டால் அவர்கள் ஒட்டுவார்கள். மாலை போட்ட படம், கீழே 'வருந்தும் தயாரிப்பாளர்' என்று ஒரு வரி. ஊர் சிரிக்கும், இரண்டு நாளில் மாடு தின்றுவிடும். இதுவரை யாரும் செத்ததில்லை. அந்த வழக்கத்தைத்தான் நான் கொஞ்சம் ஒழுங்காகச் செய்தேன்.

திரையில் எழுத்து அமைத்துக்கொண்டிருந்தபோது என் மனைவி பிரியதர்ஷினி டீ கொண்டுவந்து வைத்தாள்.

"இந்தப் பொண்ணா? காலைலகூட காய் வாங்கிக்கினு இருந்துச்சே."

"அது வேற பொண்ணுமா."

"அதே மொகம்தாங்க. அய்யோ, இன்னா ஆச்சாம்?"

வேறு பெண் என்று மறுபடியும் சொன்னேன். பொட்டு வைக்கப் போவதுபோல் திரைக்கு அருகில் குனிந்து பார்த்துவிட்டு, பாவம், பெத்தவங்க எப்படித் தாங்குவாங்க என்று சொல்லிக்கொண்டே உள்ளே போனாள். பெண்களுக்கு எல்லா முகமும் தெரிந்த முகம்தான்.

வாலாஜாபாத் பக்கம் எனக்கு போஸ்டர் ஒட்டுபவர் வேலாயுதம். எதை, எதற்கு என்று கேட்கிற ஆள் இல்லை. மைதாப் பசை வாளியோடு வந்தவர், சுருளைப் பிரித்துப் பார்த்தார்.

"சின்ன வயசுண்ணா."

"ஆமா."

"ஒண்ணுதான் இருக்குது. மீதி?"

"ஒண்ணு போதும். தென்னேரி பஸ் ஸ்டாப்புல, உள்பக்க செவுத்துல. பொழுது விடியறதுக்குள்ள ஒட்டிட்டு வந்துரு."

முதல் நாள் விசாரணையில் ஊரெல்லாம் ஒட்டியதாகச் சொன்னேன். அது சரியில்லை. பிள்ளையார்பாளையத்தில் ஒட்டினால் அபிநயா பார்ப்பாள், பக்கத்தில் நின்று ஒரு படம் எடுத்துப் போட்டு இன்னும் கொஞ்சம் சிரிப்பாள். அவளை எதுவும் செய்ய முடியாது என்பது எனக்குத் தெரிந்துவிட்டது. கண்ணாயிரம் அப்படியில்லை. பட்டன் போன் வைத்திருக்கிறவர். போனில் வருவது எல்லாம் பொய் என்பார், சினிமாதானே என்பார். ஆனால் சுவரில் ஒட்டிய கண்ணீர் அஞ்சலியை இந்த ஜில்லாவில் யாரும் பொய் என்று நினைப்பதில்லை. படிக்கத் தெரியாதவர்கள்கூட அந்தக் கறுப்புக் கரையைப் பார்த்துவிட்டுச் செருப்பைக் கழற்றுவதை நான் பார்த்திருக்கிறேன். நாங்கள் ஒட்டுகிற கேலி போஸ்டரில் மாலைக்கு மேலே சினிமாக்காரன் முகம் இருக்கும், சிரித்துவிடலாம். வீட்டுப் பெண்ணின் முகம் இருந்தால் யார் சிரிப்பார்கள்?

கண்ணாயிரம் காதுகுத்துக்கு முதல் நாளே தென்னேரிக்குப் போய்விட்டார். தாய்மாமன் இல்லாமல் காது குத்த முடியாது. அபிநயா காலை பஸ்ஸில் வருவதாக ஏற்பாடு. அழைத்துவர அவர் நிறுத்தத்துக்கு வருவார் என்பதும் எனக்குத் தெரியும். பேனர் வாங்க வந்த அலமுவின் வீட்டுக்காரர் தந்தையும் மகளும் எப்போது எப்படி வருவார்கள் என்பதை எல்லாம் என்னிடம் மகிழ்ச்சியாகச் சொல்லிவிட்டுத்தான் போனார். விசேஷ வீட்டுக்காரர்கள் கேட்காமலே எல்லாம் சொல்வார்கள்.

அப்படியே நடந்தது. மச்சானின் பைக்கை எடுத்துக்கொண்டு மகளை அழைக்க வந்திருக்கிறார். பஸ் இன்னும் வரவில்லை. நிழலுக்கு உள்ளே போயிருக்கிறார். சுவரில் மகள். 'அபிநயா, த/பெ கண்ணாயிரம். இறுதி ஊர்வலம் இன்று மாலை நான்கு மணியளவில் பிள்ளையார்பாளையம் இல்லத்திலிருந்து புறப்படும்.' மகளின் போனுக்கு அடித்திருக்கிறார், அணைத்து வைத்திருக்கிறது என்று வந்திருக்கிறது. காதுகுத்து மண்டபத்துக்குத் திரும்பிப்போய் யாரிடமும் சொல்லவில்லை. விசேஷ வீட்டில் எப்படிச் சொல்வது என்று நினைத்தாரோ என்னவோ. அப்படியே பைக்கைத் திருப்பிக் காஞ்சிபுரத்துக்கு விட்டிருக்கிறார்.

லாரி அடித்த இடத்தில் சாலை அடைத்துக்கொண்டது. அபிநயா வந்த பஸ்ஸும் அந்த நெரிசலில் நின்றிருக்கிறது. ஜன்னல் வழியே கூட்டத்தைப் பார்த்தாளாம், யாரோ பாவம் என்று நினைத்தாளாம். பஸ் நகர்ந்து தென்னேரி வந்து, இறங்கி, அப்பாவைக் காணோமென்று நின்றிருக்கிறாள். திரும்பினால் தன் படம். இதையெல்லாம் அவள் உங்களிடம் சொன்னபோது நானும் அந்த அறையில்தான் இருந்தேன். படத்தில் இருப்பதைவிடக் கறுத்துப்போயிருந்தாள்.

நீங்கள் என்னைக் கண்டுபிடித்ததில் உங்கள் திறமை ஒன்றுமில்லை ஐயா, கோபித்துக்கொள்ளாதீர்கள். போஸ்டரின் அடியில் கடையின் பெயரும் எண்ணும் இருந்தன. இவ்வளவு செய்தவன் அதை எடுக்க மறந்துவிட்டானே, முட்டாள் என்று ஏட்டய்யா சிரித்தார். நான் எதையும் மறக்கவில்லை. கண்ணாயிரம் கூப்பிட வேண்டும் என்பதற்காகத்தான் அந்த எண்ணை வழக்கத்தைவிடக் கொஞ்சம் பெரிதாகப் போட்டேன்.

கூப்பிட்டார். அழைப்பு வந்தது, நான் எடுக்கவில்லை என்று முதல் நாள் விசாரணையில் சொன்னேன். எடுத்தேன்.

"பஞ்சு டிஜிட்டலாபா? காதுகுத்து பேனரு நீங்கதானே அடிச்சிக் குடுத்தது?"

"ஆமாங்க."

"இங்க பஸ் ஸ்டாப்புல எம் பொண்ணு படத்த போட்டு ஒரு போஸ்டரு ஒட்டியிருக்குதுபா. அந்தப் பேனருக்குக் குடுத்தோம் பாரு, அதே படம்தான். உங்க கடையில படம் ஏதாச்சும் மாறிப்போச்சாபா? வேற யார்னா பொண்ணுக்கு போடறத எம் பொண்ணுக்கு போட்டுட்டீங்களா?"

அந்தக் குரல் நடுங்கவில்லை. ரொம்பப் பணிவாக, கடைக்காரனுக்குக் கோபம் வந்துவிடக் கூடாதே என்பதுபோல் கேட்டார். மாறிப்போச்சுங்க என்று நான் சொல்லியிருந்தால் போதும். அவர் என்னைத் திட்டிவிட்டு, சுவரில் இருந்ததைக் கிழித்துப் போட்டுவிட்டு, பஸ்ஸுக்காக அங்கேயே நின்றிருப்பார். எனக்கு அது தெரியும். அப்போதே தெரியும்.

"படம் மாறலைங்க. கீழ பேரு இருக்குது, படிச்சிப் பாருங்க" என்றேன்.

அவர் எழுத்துக்கூட்டிப் படித்தது எனக்குக் கேட்டது. மகளின் பெயரைப் படித்தார். பிறகு தன் பெயரைப் படித்தார்.

"நேத்து நான் கெளம்பும்போதுகூட நல்லாதானேபா பேசிக்கினு இருந்துச்சி. இன்னா ஆச்சாம்பா?"

"வெவரம் தெரியலைங்க. நாலு மணிக்கெல்லாம் எடுக்கறாங்களாம். சீக்கிரமா வந்துருங்க."

சரிபா என்றார். சரிபா, ரொம்ப நன்றிபா என்றார்.

பைக் ஓட்டி அவருக்குப் பழக்கமில்லை என்பது எனக்குத் தெரியாது. சாக வேண்டும் என்று நான் நினைக்கவே இல்லை. என் கணக்கு வேறு. அவர் வேர்த்துப்போய் ஓடிவருவார், வீடு பூட்டியிருக்கும், தெருவில் பந்தல் இருக்காது, பறை இருக்காது. நடுத்தெருவில் நிற்பார். அந்த முகத்தைப் படம் எடுத்து, அவர் சிரிப்புக்குப் பக்கத்தில் வைத்துப் போட வேண்டும் என்று போனுக்கு நிறைய சார்ஜ் ஏற்றிக்கொண்டு அவர் தெருமுனையில் போய் நின்றேன். வெயில் ஏறும்வரை நின்றேன். படம் எடுத்ததும் நானே போய், உங்க பொண்ணு நல்லா இருக்குதுங்க என்று சொல்லியிருப்பேன். அந்த நல்ல செய்தியைச் சொல்லும் ஆளாக இருந்திருப்பேன். அவர் வரவே இல்லை.

நேற்று அண்ணன் ஒரு காணொளி வெளியிட்டிருப்பதாக ஏட்டய்யா சொன்னார். நான் கேட்டுக்கொண்டதால் தம் போனில் போட்டுக் காட்டினார். அண்ணன் கறுப்புச் சட்டையில் உட்கார்ந்திருந்தார், முகம் வாடியிருந்தது. அந்தக் குடும்பத்திடம் மன்னிப்புக் கேட்டார். பிறகு நேராகப் பார்த்து, "காஞ்சிபுரத்துல இதைச் செஞ்சவன் என் ரசிகனே இல்லை, அவன் மனுஷனே இல்லை" என்றார். ஏட்டய்யா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், நான் உடைந்துவிடுவேன் என்று எதிர்பார்த்தாரோ என்னவோ. நான் இன்னொரு தடவை போடச் சொன்னேன். பெயரைச் சொல்லவில்லை, அது அவருடைய பெருந்தன்மை. ஆனால் இந்த இருபது வருடத்தில் அண்ணன் என்னைப் பற்றிப் பேசியது அதுதான் முதல் தடவை.